மகனை ஃபார்முலாவில் விடுவதா, டூரிங் காரிலா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 15 வயது, ஓ.எல். சோதனை நெருங்குகிறது. வயலில் தகப்பனின் லேண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தை ஓட்டுவான், வீட்டில் கணினியில் கார்ப் பந்தயம் விளையாடுவான். நடிகர் அஜித் துபாயில் ஓடியதைப் பார்த்த நாளிலிருந்து தானும் பந்தய ஓட்டுநர் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறானாம். சுவிஸில், பேர்னில் இருக்கும் தாய்மாமன் காசு போடத் தயார். "ஐரோப்பாவில் ஃபார்முலா 4இல் சேர்க்கலாமா, இல்லை சாதாரண காரில் ஓடுகிற டூரிங் கார்ப் பந்தயத்தில் விடலாமா? மட்டக்களப்பிலிருந்து இதெல்லாம் நடக்கிற காரியமா?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, நான் ஓட்டுநர் இல்லை. துபாய் ஓடுபாதையில் பந்தய அணிகளுக்கு டயர் மாட்டி, கழற்றி, தேய்மானம் அளந்து கொடுக்கிற வேலையில் இருந்தவன். இப்போது கல்லடியில் வீல் அலைன்மெண்ட் கடை வைத்திருக்கிறேன். ஃபார்முலா 4 பிள்ளைகளையும் டூரிங் கார்க்காரர்களையும் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவர்களுக்கு யார் காசு கட்டுகிறார்கள் என்பதையும் பார்த்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

நேரே சொல்லிவிடுகிறேன். ஃபார்முலா என்கிற ஒற்றை இருக்கைக் கார், நீங்கள் காசு கட்டிப் பிள்ளை படிக்கிற இடம். டூரிங் கார் என்பது, பிள்ளை உண்மையிலேயே கெட்டிக்காரன் என்றால், ஒரு கட்டத்தில் காசு வாங்கிக்கொண்டு ஓட்டக்கூடிய இடம். இதுவா அதுவா என்று தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அநேகமான நல்ல டூரிங் கார் ஓட்டுநர்கள் கார்ட் என்கிற சின்னஞ்சிறு பந்தய வண்டியிலும் சிறிய ஃபார்முலாக்களிலும் கை பழகி வந்தவர்கள்தான். முதலாவதில் எவ்வளவு காலம் இருப்பது, எப்போது இறங்கி மற்றதில் ஏறுவது என்பதில்தான் ஒரு ஓட்டுநரின் வாழ்க்கையும் குடும்பத்தின் காணியும் தங்கியிருக்கின்றன.

ஏணி எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். எட்டு, ஒன்பது வயதில் கார்ட். 15 வயதில் ஃபார்முலா 4. அதற்கு மேலே ஃபார்முலா ரீஜனல், பிறகு ஃபார்முலா 3, ஃபார்முலா 2, உச்சியில் ஃபார்முலா 1. இந்த ஒழுங்கு பழையதல்ல. முன்பு ஃபார்முலா ஃபோர்ட், ஃபார்முலா ரெனோ என்று நாட்டுக்கு நாடு ஒவ்வொன்று இருந்தது. சர்வதேச அமைப்பான எஃப்ஐஏயின் ஃபார்முலா 4 2014இல்தான் ஓடத் தொடங்கியது. ஜிபி2 என்று இருந்தது 2017இல் ஃபார்முலா 2 ஆனது; ஜிபி3உம் ஐரோப்பிய ஃபார்முலா 3உம் கலந்து 2019இல் இன்றைய ஃபார்முலா 3 வந்தது. ஃபார்முலா 1இல் ஓட சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்கு மூன்று பருவங்களுக்குள் 40 புள்ளி சேர்க்க வேண்டும். ஃபார்முலா 2 சாம்பியனுக்கு அந்த 40உம் ஒரே வருடத்தில் கிடைக்கும். ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12தான். இன்னொன்று, சூப்பர் லைசென்ஸ் எடுக்க நாம் வீதியில் ஓட்டப் பயன்படுத்துகிற சாதாரண சாரதி அனுமதிப்பத்திரமும் கையில் இருக்க வேண்டும்!

இனிக் கணக்கு. ஃபார்முலா 3இல் 30 கார், ஃபார்முலா 2இல் 22 கார். ஃபார்முலா 1இல் 2026 முதல் 22 இருக்கை. மேலோட்டமாகப் பார்த்தால் இடம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் பத்துப் பதினைந்து வருடம் எழும்ப மாட்டார்கள். 2022இல் ஃபார்முலா 2 சாம்பியன் பிரேசிலின் ஃபெலிப்பே துருகோவிச், 2023இல் பிரான்ஸின் தியோ பூர்ஷேர். ஃபார்முலா 2 பட்டம் இரண்டு பேரையும் ஃபார்முலா 1 பந்தய இருக்கையில் கொண்டுபோய் உட்கார்த்தவில்லை. சோதனை ஓட்டம், மாற்று ஓட்டுநர் என்று கொஞ்சக் காலம் ஓரத்தில் நின்றார்கள்; பிறகு ஒருவர் மின்சாரக் கார்ப் பந்தயத்துக்கும் மற்றவர் நீண்டதூரப் பந்தயத்துக்கும் போனார்கள். சாம்பியனின் நிலைமையே இது. அதே பருவத்தில் பத்தாவதாக வந்த பிள்ளையின் தகப்பனும் ஏறக்குறைய அதே தொகையைத்தான் கட்டியிருப்பார்.

தொகை என்ன என்று கேட்பீர்கள். ஐரோப்பாவில் ஃபார்முலா 4 ஒரு பருவம் பல லட்சம் யூரோ. ஃபார்முலா 2 ஒரு பருவம் 20 லட்சம் யூரோவைத் தாண்டும். இலங்கை ரூபாயில் நான் எழுதப் போவதில்லை, உங்கள் அண்ணனுக்குக் கால்குலேட்டர் தெரியும். அவர் எவ்வளவு மனமுவந்து கொடுத்தாலும், அந்தக் காசு ஒரு பருவத்தின் பாதியிலேயே முடிந்துவிடக்கூடியது. பாதிப் பருவம் ஓடியவனை ஒரு அணியும் நினைவில் வைத்திருக்காது. ஆகவே ஐரோப்பிய ஃபார்முலா 4க்குக் காணியை ஈடு வைக்க வேண்டாம், அண்ணனையும் கடனாளி ஆக்க வேண்டாம்.

சரி, ஃபார்முலா 1 கிடைக்காதவர்கள் என்ன ஆனார்கள்? இங்கேதான் உங்கள் மகனுக்குச் சொல்ல வேண்டிய கதைகள் இருக்கின்றன.

கேப்ரியேலே தார்க்வினி என்று ஒரு இத்தாலியர். 1962இல் பிறந்தவர். ஃபார்முலா 3000 என்ற, இன்றைய ஃபார்முலா 2க்குச் சமமான வகுப்பில் ஓடி, 1987இல் இமோலாவில் முதன்முதலாக ஃபார்முலா 1 பந்தயத்தில் இறங்கினார். கிடைத்ததெல்லாம் ஏஜிஎஸ், கொலோனி மாதிரிச் சின்னஞ்சிறு அணிகள். அந்தக் காலத்தில் பதிவு செய்யும் கார்கள் அளவுக்கு மிஞ்சியிருந்தன. அதனால் பலவீனமான அணிகளுக்கு வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் முன்தகுதிச் சுற்று வைப்பார்கள். அதில் தேறாதவன் மற்றவர்கள் பயிற்சிக்குப் புறப்படும் முன்பே பெட்டி கட்ட வேண்டியதுதான். தார்க்வினி அந்த முன்தகுதியில் 25 தடவை தேறவில்லை. ஃபார்முலா 1 வரலாற்றில் அது ஒரு சாதனை, யாரும் விரும்பாத சாதனை. அவர் தொடங்கிய பந்தயங்கள் 38. எடுத்த புள்ளி ஒன்றே ஒன்று, 1989 மெக்சிகோவில் ஆறாவதாக வந்தபோது.

இந்த மனிதரை ஆல்ஃபா ரோமியோ பிரித்தானிய டூரிங் கார்ப் போட்டிக்கு அனுப்பியது. 1994இல் முதல் வருடத்திலேயே ஆல்ஃபா 155இல் சாம்பியன். 2009இல் சியாட் காரில் உலக டூரிங் கார் சாம்பியன், அப்போது வயது 47. ஃபார்முலா 1இல் 46 வயதில் பட்டம் வென்ற ஃபாஞ்சியோவின் முதுமைச் சாதனையை அதோடு முறியடித்தார். அதோடும் நிற்கவில்லை. 2018இல் ஹூண்டாய் காரில் டூரிங் கார் உலகக் கோப்பையை எடுத்தார், 56 வயதில். இறுதிப் போட்டி மக்காவில் நடந்தது. பின்னால் மூன்றே புள்ளி தள்ளி நின்றவர் இவான் முல்லர், அவரும் நான்கு தடவை உலகச் சாம்பியன், அவரும் சின்ன ஃபார்முலாக்களில் வளர்ந்தவர். ஒற்றை இருக்கைக் காரில் ஒரு புள்ளி எடுத்தவர், கதவுள்ள காரில் கால் நூற்றாண்டு சம்பளம் வாங்கி ஓடியிருக்கிறார். டூரிங் காரில் கார்க் கம்பனிகள் தங்கள் கடையில் விற்கிற காரையே ஓட விடுகின்றன, அதை ஓட்டத் தெரிந்த ஆளைத் தேடிக் காசு கொடுக்கின்றன. ஃபார்முலா 4 காரை யாரும் கடையில் வாங்குவதில்லை.

இப்போதைய பொதுவான டூரிங் கார் வகுப்பு டிசிஆர். 2015இல் தொடங்கியது. இரண்டு லீட்டர் டர்போ என்ஜின், முன்சக்கர இழுவை, ஏறக்குறைய 350 குதிரைவலு, ஓட்டுநரையும் சேர்த்து 1,250 கிலோவுக்கு மேலே எடை. ஃபார்முலா 4 காரோ ஏறக்குறைய அதன் பாதி எடைதான், 160 முதல் 180 குதிரைவலு. எண்களைப் பார்த்தால் டிசிஆர் ஓட்டுவது இலகு என்று தோன்றும். இல்லை. அதைச் சொல்ல, கராஜில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஃபார்முலா ரீஜனல் வரை போய்விட்டு, முதன்முதலாக டிசிஆர் காரைச் சோதிக்க ஒரு பையன் வந்தான், இருபது வயதுக்குள் இருக்கும். அதே கார், அதே டயர், அதே அளவு சுற்று. அவனுக்குப் பிறகு ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பழைய ஆள். பையன் முதல் மூன்று சுற்றில் வேகம் காட்டினான், பிறகு சுற்றுக்குச் சுற்று நேரம் கழன்றது. பழைய ஆளின் நேரம் கடைசி வரை அசையவில்லை. பந்தய டயர் உள்ளே வரும்போது அதன் மேலே பாதையில் கிடந்த ரப்பர்த் துகள் எல்லாம் உருகி ஒட்டியிருக்கும். சூட்டுக் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்து அதை இளக்கி, சுரண்டியால் வழித்தால்தான் உண்மையான முகம் தெரியும். முகத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், அவற்றில் அளவுகோலின் ஊசியை விட்டு எவ்வளவு ரப்பர் மிச்சம் என்று பார்ப்போம். பையனின் முன் இடது டயரில் வெளித்தோள், அதாவது வெளி ஓரப் பக்கத் துளைகளே இல்லை. உள்பக்கம் புதிதாக இருந்தது. பழைய ஆளின் டயரில் துளை எல்லாம் ஏறக்குறைய ஒரே ஆழம்.

முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர் இரண்டும்தான் காரை இழுக்கின்றன, திருப்புகின்றன, பிரேக் சுமையில் பெரும்பகுதியையும் தாங்குகின்றன. பையன் ஃபார்முலாவில் பழகியபடி பிரேக்கை ஒரேயடியாக மிதித்து, விட்டு, திருப்பினான். மூக்கு உள்ளே வரவில்லை என்றதும் ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினான். திருப்பத் திருப்ப டயரின் தோள்தான் தேய்ந்தது, கார் திரும்பவில்லை. பழைய ஆள் பிரேக்கை வளைவுக்குள்ளேயும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போனார். பாரம் முன்னால் தங்க, பின்பக்கம் தானாகச் சுழன்று வர, ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தார். இரண்டு பேரின் பிரேக் அழுத்தக் கோட்டையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது, பையனுடையது செங்குத்தாக விழுந்தது, மற்றவருடையது சாய்ந்து இறங்கியது. பையன் அன்று மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அந்தத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவன் எனக்குப் பிடித்துப் போனது அப்போதுதான்.

இன்னும் இருக்கிறது. இந்தக் கார்களில் பின் டயர் சூடாக இரண்டு மூன்று சுற்று ஆகும். முதல் சுற்றில் சும்மா காலை எடுத்தாலே பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும். ஃபார்முலாவில் சக்கரம் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் யாரும் முட்ட விரும்ப மாட்டார்கள். டூரிங் காரில் கதவோடு கதவு உரசுவது அன்றாடம். வென்றவன் காரில் பாரம் ஏற்றுவார்கள், இரண்டாவது பந்தயத்தில் முன் வரிசையைத் தலைகீழாக மாற்றி நிறுத்துவார்கள். ஒருவனே எல்லாவற்றையும் வெல்லக் கூடாது என்பதற்காகவே சட்டம் எழுதியிருக்கிறார்கள். இதனால் ஒரு சுற்று வேகத்தைவிட, பருவம் முழுக்கப் புள்ளி சேர்க்கிற புத்திக்குத்தான் இங்கே மதிப்பு. 1958இல் தொடங்கிய பிரித்தானியப் போட்டி இன்றும் கூட்டம் குறையாமல் ஓடுவதற்கும் இதுதான் காரணம் என்பேன்.

இனி, "எங்கள் ஊரிலிருந்து நடக்குமா" என்ற பகுதி. உங்களுக்கு ஓடுபாதை இல்லாத இரண்டு இடங்களைக் காட்டுகிறேன்.

ஒன்று உங்கள் அண்ணன் வாழ்கிற சுவிஸ். 1955இல் பிரான்ஸின் லெ மானில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து 80 பேருக்கு மேல் இறந்த பிறகு, அந்த நாடு சுற்றுப் பந்தயத்தையே தடை செய்து பல பத்தாண்டு அப்படியே வைத்திருந்தது. 2019இல் மின்சாரக் கார்ப் பந்தயமான ஃபார்முலா இ பேர்ன் வீதிகளில் ஓடியது விசேட அனுமதியில்தான். உங்கள் அண்ணன் அன்று தெரு மூடியதற்குத் திட்டியிருக்கவும் கூடும். ஆனால் அந்தச் சுவிஸின் ஜெனீவாவில் பிறந்த அலென் மெனு, பிரித்தானியா போய் ஃபார்முலா ஃபோர்ட் ஓடி, பிறகு டூரிங் காரில் ஏறி, 1997இல் ரெனோ லகூனாவிலும் 2000இல் ஃபோர்ட் மொண்டியோவிலும் பிரித்தானியச் சாம்பியன் ஆனார்.

இரண்டாவது கேர்ன்சி. இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுக்கடலில் இருக்கிற சின்னத் தீவு. அங்கே ஓடுபாதை இல்லை, மேட்டில் ஏறுகிற ஒரு வீதியில் மலையேற்றப் பந்தயம் உண்டு. ஒவ்வொருவராகப் புறப்பட்டு, மேலே போய்ச் சேரும் நேரத்தை அளப்பது. அந்தத் தீவுப் பையன் ஆண்டி பிரியோ 1995இல் பிரித்தானிய மலையேற்றச் சாம்பியன் ஆனார். பிறகுதான் சுற்றுப் பந்தயம். மனைவியோடு சில்வர்ஸ்டோன் ஓடுபாதை அருகே கேரவனில் வாழ்ந்துகொண்டு இருக்கை தேடினார். 1999இல் ரெனோ ஸ்பைடர் கோப்பை, அதன் பின் பிரித்தானிய ஃபார்முலா 3. அங்கிருந்து மேலே ஏறக் காசு இல்லை, டூரிங் காருக்கு வந்தார். 2002இல் ஹொண்டாவில் பிரித்தானியப் போட்டி, 2003இல் பிஎம்டபிள்யூ ஐரோப்பியப் போட்டிக்கு எடுத்தது. 2004இல் புள்ளியில் டிர்க் முல்லரோடு சமமாகி, வென்ற பந்தயங்களின் எண்ணிக்கையால் ஐரோப்பியப் பட்டம். 2005, 2006, 2007 மூன்று வருடமும் உலக டூரிங் கார் சாம்பியன். இவர் வரலாறுதான் நமக்கு மிக நெருக்கமானது என்று நினைக்கிறேன். ஏனென்றால் நமக்கும் ஒரு மலையேற்றப் பந்தயம் இருக்கிறது.

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கரடியனாறு, மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை என்று போய் நுவரெலியாவில் ஏற்றுகிறதே, அந்த ஏ5 பாதை. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றம் 1930களிலிருந்து நடக்கிற பந்தயம். தார்ப் பாதையில் சுற்றுப் பந்தயம் என்றால் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த, பழைய விமானத் தளம். மண் பாதையில் தியத்தலாவ ஃபொக்ஸ்ஹில், அநுராதபுரம் கஜபா. நிசான் மார்ச், ஃபோர்ட் லேசர், மஸ்டா என்று நம்மூரில் சந்தைக்குப் போகிற கார்களுக்கே தனித்தனி வகுப்பு வைத்திருக்கிறார்கள். டூரிங் கார் என்று பெயர் போடாவிட்டாலும் சாராம்சம் அதுதான். ஃபொக்ஸ்ஹில்லில் 2024 ஏப்ரல் 21 அன்று கார் பார்வையாளர் மீது பாய்ந்து 7 பேர் இறந்ததை நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மகனைப் பந்தயம் பார்க்கக் கூட்டிப் போனால் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்க விடாதீர்கள், தடுப்புக்குப் பின்னால்கூட.

ஆனால் 18 வயது வரை வீதி அனுமதிப்பத்திரம் கிடையாது. அதுவரை செய்ய வேண்டியது கார்ட். பண்டாரகமவில் கார்ட் ஓடுபாதை இருக்கிறது. மட்டக்களப்பில் ரயில் ஏறிக் கொழும்பு போகலாம். அங்கிருந்து பஸ். கார்ட்டை விளையாட்டு வண்டி என்று நினைக்க வேண்டாம். அதற்குச் சஸ்பென்ஷன் இல்லை, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரென்ஷியலும் இல்லை. பின் சக்கரம் இரண்டும் ஒரே தண்டில் இறுகியிருக்கும். அதனால் வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் கொஞ்சம் தூக்கினால்தான் வண்டி திரும்பும். பாரத்தை எங்கே அனுப்புவது என்பது அங்கேயே உடம்புக்குப் படிந்துவிடும். மேலே சொன்ன பையன் ஃபார்முலாவில் மறந்துபோனதும் அதைத்தான். லேண்ட்மாஸ்டர் ஓட்டியதைச் சிரிப்பாக எடுக்காதீர்கள், கிளட்ச் விட்டுத் திருப்புகிற கைக்கு ஒரு நிதானம் உண்டு. ஆனால் எட்டு வயதில் கார்ட் ஏறிய பிள்ளைகளோடு 15 வயதில் தொடங்குகிறவன் ஃபார்முலா 1 பேசுவது வீண். டூரிங் காருக்கு 15 பிந்திய வயதில்லை.

ஃபார்முலா ஆசை விடவில்லை என்றால் ஐரோப்பா வேண்டாம், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். கரிவர்தன் என்ற மனிதர் மாருதி 800 என்ஜினைப் போட்டு உள்ளூரிலேயே ஒற்றை இருக்கைக் கார் கட்டினார், ஃபார்முலா மாருதி என்று. அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார், பிறகு கட்டிய ஓடுபாதைக்கு அவர் பெயர். இப்போது அங்கே எல்ஜிபி ஃபார்முலா 4 ஓடுகிறது, சுவிஃப்ட் என்ஜின். கவனம், இது எஃப்ஐஏ ஃபார்முலா 4 இல்லை. பெயர்தான் ஒன்று, செலவும் காரும் வேறு. எஃப்ஐஏ வகை இந்தியாவில் 2023இல்தான் தொடங்கியது. சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த 3.7 கிலோமீட்டர்ப் பாதையில் அதுவும் ஓடுகிறது, இந்தியன் டூரிங் கார் வகுப்பும் ஓடுகிறது. சில நாட்களில் இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். தமிழில் கதைக்கிற மெக்கானிக், தமிழில் திட்டுகிற அணி முகாமையாளர். 16 வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

நரேன் கார்த்திகேயனும் 1992இல் பிரான்ஸில் வின்ஃபீல்ட் பள்ளியில் பயிற்சி எடுத்துவிட்டு, 1993இல் அந்த ஃபார்முலா மாருதியில் ஓடித்தான் இங்கிலாந்து போனார். 1996இல் ஃபார்முலா ஆசியா சாம்பியன், பின் பிரித்தானிய ஃபார்முலா 3, ஜப்பான், 2005இல் ஜோர்டன் அணியில் ஃபார்முலா 1. அவரும் கடைசியில் கூரையுள்ள காருக்கே வந்தார். 2019இல் ஜப்பானின் சூப்பர் ஜிடி கார்ப் போட்டியில் ஹொண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டி, அந்த நவம்பரில் ஃபூஜியில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் கலந்து ஓடிய பந்தயத்தில் ஒன்றை வென்றார். பெங்களூரின் அர்ஜுன் மைனி 2014இல் பிரித்தானிய ஃபார்முலா 4இல் மயிரிழையில் இரண்டாவதாக வந்தார். முதலாவது வந்தவர் ஜார்ஜ் ரஸ்ஸல், இன்று மெர்சிடிஸ் ஃபார்முலா 1 ஓட்டுநர். மைனி ஃபார்முலா 2 வரை போய், 2021 முதல் ஜெர்மனியின் டிடிஎம் கார்ப் போட்டியில். இருவரையும் அன்று பிரித்தது மூன்று புள்ளி. இன்று ஒருவரை உலகமே அறியும், மற்றவர் ஐரோப்பாவின் மிகக் கடுமையான கார்ப் போட்டி ஒன்றில் தொழில் செய்கிறார். என் பார்வையில் இரண்டும் வெற்றிதான்.

அஜித் விஷயம். 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் எஃப்ஐஏ ஃபார்முலா 2 ஓடியவர் அவர். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் வகுப்பில் மூன்றாவதாக வந்தது. மகன் ரசிக்கட்டும். ஆனால் அது உழைத்துச் சேர்த்த சொந்தப் பணத்தில் அணி வைத்து ஓடுகிற பாதை. உங்கள் மகனுடைய பாதை அது இல்லை. கணினி விளையாட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் தாராளம். ஜான் மார்டன்பரோ என்ற பிரித்தானியப் பையன் 2011இல் நிசானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமியில் வென்று, 2013இல் லெ மானில் தன் வகுப்பில் மூன்றாவது இடத்துக்கு வந்தார். அந்தத் திட்டம் இப்போது இல்லை. இருந்தாலும் ஸ்டியரிங்கும் பெடலும் வைத்து ஓட்டினால் பாதையும் பிரேக் புள்ளியும் மனப்பாடமாகும். பயம் மட்டும் அதில் பழகாது.

டூரிங் காரைத் தங்கத் தட்டில் வைத்துச் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. அங்கேயும் தனியார் அணிகளில் பாதிப் பேர் காசு கொண்டுவந்துதான் ஓடுகிறார்கள். கம்பனிகள் திடீரென்று ஒரு நாள் திட்டத்தை மூடிவிட்டுப் போகும். உலகப் போட்டியே 2005இல் ஒரு பெயரில் தொடங்கி, 2018இல் வேறாகி, 2022க்குப் பிறகு இன்னொரு வடிவத்துக்குப் போனது. ஆனால் இருக்கை கிடைக்காத இடைவெளியில் பணக்கார ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கார்க் கம்பனிகளுக்கு டயர் சோதித்து, 24 மணிப் பந்தயங்களில் மூன்றாவது ஓட்டுநராக ஏறி வருமானம் பார்க்கிறவர்களைத் துபாயில் நிறையக் கண்டேன். அதற்கெல்லாம் ஆங்கிலமும், காரில் என்ன நடந்தது என்பதை இன்ஜினியருக்குத் தெளிவாகச் சொல்கிற வாயும் வேண்டும். ஓ.எல்.இல் கணிதத்தையும் ஆங்கிலத்தையும் விடக் கூடாது என்று சொல்வது அதனால்தான், தகப்பன் தாயைச் சந்தோஷப்படுத்த அல்ல.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது: சோதனை முடியும் வரை லீவு நாட்களில் கார்ட். அதில் நேரம் இறங்குகிறதா என்று பாருங்கள், வெல்கிறானா என்று இப்போதே பார்க்க வேண்டாம். 17 வயதில் கோயம்புத்தூரில் எல்ஜிபி ஃபார்முலா 4க்கு ஒரு பயிற்சி, இயன்றால் ஒரு பருவம். வெளிநாட்டில் ஓட நம் நாட்டு மோட்டார் விளையாட்டு அமைப்பின் லைசென்ஸும் அனுமதிக் கடிதமும் வேண்டும், அதைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். 18இல் அனுமதிப்பத்திரம், அப்போதிலிருந்து இங்கே கதவுள்ள கார், நுவரெலியா உட்பட. 20இல் இருங்காட்டுக்கோட்டை டூரிங் கார்களோடு ஒரு சோதனை ஓட்டம் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் அண்ணன் அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை வரும்போது ஒரு கார்ட் ஹெல்மெட்டும் விலாக் கவசமும் வாங்கி வரச் சொல்லுங்கள். கார்ட் இருக்கை கடினம், விலா எலும்பு முதல் நாளே நோகும். ஹெல்மெட் உள்ளே ஸ்னெல் என்ற பாதுகாப்புத் தர முத்திரையில் கே என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்கட்டும். எம் என்றால் அது மோட்டார்சைக்கிளுக்கு. எஸ்ஏ என்றால் தீ தாங்கும் கார்ப் பந்தய ஹெல்மெட், விலை கூட, ஆனால் கார்ட்டிலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள், 18இல் காரிலும் உதவும், முத்திரை வருடம் காலாவதி ஆகாமல் இருந்தால். தலை சுற்றளவை புருவத்துக்கு மேலே நூல் பிடித்து அளந்து சென்றிமீட்டரில் அனுப்புங்கள். வளர்கிற பிள்ளை என்று ஒரு சைஸ் கூட வாங்க வேண்டாம், தளர்ந்த ஹெல்மெட் இருந்தும் இல்லாதது மாதிரித்தான்.